‘மனிதத் தவறு’ என்பதோடு விசாரணை முடியலாமா?

குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் 2021 டிசம்பர் 8 அன்று எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தது. முப்படைகளின் தலைமைத் தளபதி விபின் ராவத் உள்பட 14 பேரைப் பறிகொடுத்தோம். அதற்கு என்ன காரணம் என்பதை நாடாளுமன்றத்தின் பாதுகாப்புத் துறை நிலைக்குழு 2024 டிசம்பரில் வைத்த அறிக்கையில் பார்க்கலாம். 2017 முதல் 2022 வரை விமானப் படையில் நடந்த 34 விபத்துகளின் பட்டியலில் இதுவும் ஒன்று. காரணம் என்ற கட்டத்தில் மனிதத் தவறு, அதாவது விமானக் குழுவினரின் தவறு என்று இருக்கிறது. அதற்கு முன் 2022 ஜனவரியில் விமானப் படை ஒரு சுருக்கமான குறிப்பு வெளியிட்டது. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறியது, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது, விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியது, தரையில் மோதியது என்றது அந்தக் குறிப்பு. பொதுமக்களுக்குக் கிடைத்த விளக்கம் இவ்வளவுதான்.

இது போதாது என்பதுதான் என் கட்சி. காய்ச்சல் ஏன் வந்தது என்று கேட்பவரிடம் உடம்பு சுடுகிறது என்று சொல்வது பதிலாகாது. விமானி தவறு செய்தார் என்றால் அவரை அந்தத் தவறுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது எது? மலைப்பாதையின் வானிலைத் தகவல் அவருக்கு எந்த நேரத்தில், யாரிடமிருந்து கிடைத்தது? முக்கியமான பயணி இருக்கும்போது ‘இன்று வேண்டாம், திரும்பிவிடலாம்’ என்று சொல்லும் துணிச்சலை நம் நடைமுறை விமானிக்குக் கொடுக்கிறதா? 11.48-க்குச் சூலூரில் கிளம்பிய ஹெலிகாப்டருடன் 12.08 வாக்கில் தொடர்பு அறுந்தது. அந்த 20 நிமிடங்களுக்கான பதில்கள் விசாரணைக் கோப்பில் இருக்கலாம். ஆனால், கோப்பு பூட்டிய அலமாரியில் இருக்கிறது.

சூலூரில் விமானப் படையின் பழுதுபார்ப்புக் கிடங்கில் விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிக்கும் ஏர்ஃபிரேம் பிட்டராக வேலை பார்த்தவன் நான். எங்கள் கையெழுத்து ‘ஃபார்ம் 700’ என்ற பதிவேட்டில் விழுந்த பிறகுதான் விமானி ஏறுவார். “தம்பி, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கையால தொட்டுப் பாரு. கண்ணு ஏமாத்தும்” என்று என் சீனியர் சொல்லிக்கொண்டே இருப்பார். எங்கேயாவது ஒரு விமானம் விழுந்த செய்தி வந்தால் கிடங்கில் பேச்சு நின்றுவிடும். அதில் யார் கை பட்டிருக்கும் என்ற எண்ணம்தான் ஒவ்வொருவருக்கும் முதலில் வரும். விமானி தவறு என்று முடிவு வந்ததும் மூச்சு விடுவோம். அந்த நிம்மதிதான் ஆபத்தானது என்பதை, அமெரிக்கா வந்து பழைய விமான விபத்துகளைப் பற்றிப் படித்த பிறகு உறுதியாகச் சொல்கிறேன்.

இப்போது மகள் குடும்பத்தோடு கலிஃபோர்னியாவின் லிவர்மோரில் இருக்கிறேன். இங்குள்ள சிவா விஷ்ணு கோயிலைத் தமிழர்கள் பலருக்குத் தெரியும். ஊரின் மறுகோடியில் உள்ள அணு ஆயுத ஆய்வுக்கூடத்தையும் தெரியும். 1952-இல் அந்த ஆய்வுக்கூடம் தொடங்கிய இடம் அதற்கு முன் கடற்படையின் விமானப் பயிற்சித் தளம். 1942-இல் ஒரு பண்ணையின் 692 ஏக்கரை வாங்கி அமைத்தார்கள். ஸ்டியர்மேன் என்ற இரட்டை இறக்கைப் பயிற்சி விமானங்களில் சுமார் 4,000 பேர் இங்கே பறக்கப் பழகினார்கள்.

இப்படிப் பழகும்போதே உயிர் விட்டவர்களின் கணக்கு பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், போர்முனைக்கு வெகு தொலைவில் இருந்த அமெரிக்க மண்ணில், அந்நாட்டு ராணுவ விமானப் படை மட்டும் விபத்துகளில் 15,000-க்கும் மேற்பட்டவர்களை இழந்தது. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைப் பிரிவில் மாண்டவர்கள் 55,573 பேர். அவர்களில் 8,000-க்கும் மேற்பட்டோர் பயிற்சியிலும் மற்ற விபத்துகளிலும் போனவர்கள்.

ஒரு விபத்தைச் சொல்கிறேன். 1944 ஆகஸ்ட் 23. இங்கிலாந்தின் வார்டன் என்ற ஊரில் அமெரிக்கர்களின் பெரிய பழுதுபார்ப்புக் கிடங்கு இருந்தது. அங்கே வேலை முடிந்த இரண்டு பி-24 குண்டுவீச்சு விமானங்கள் சோதனைப் பறப்புக்குக் கிளம்பின. கடும் இடிமழை சூழ்ந்ததால் திரும்பி வரச் சொன்னார்கள். ஒன்று தப்பித்து வேறு பக்கம் போனது. மற்றொன்று பக்கத்துக் கிராமமான ஃப்ரெக்கிள்டனில் ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. இறந்த 61 பேரில் 38 பேர் சிறு பிள்ளைகள். சோதனைப் பறப்புக்கு விமானத்தைத் தள்ளி நிறுத்திவிட்டு, அது திரும்பி இறங்கும்வரை வானத்தையே பார்த்து நின்ற ஆள் நான். அதனால் இந்த விபத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

விசாரித்தவர்கள் விமானி ஆபத்தை உணரத் தாமதித்தார் என்றார்கள். அதோடு நிறுத்தவில்லை. பிரிட்டனின் மழையை வெறும் தூறல் என்று அமெரிக்க விமானிகள் பலர் நினைத்திருந்தது தெரியவந்தது. அந்நாட்டு இடிமழையின் கடுமையை அமெரிக்க விமானிகளுக்கு அழுத்தமாகச் சொல்லித் தர வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். அடுத்த விமானிக்கு உதவக்கூடிய பாடம் அது.

இதே போர்க் காலத்தில் இன்னொரு சிக்கல். பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே வயிறு தரையில் பட உட்கார்ந்துவிடும். அனுபவம் மிக்க விமானிகள்கூடச் சக்கரத்தை மடக்கிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் விமானியின் கவனக்குறைவு என்றே எழுதிவந்தார்கள். அமெரிக்க ராணுவ விமானப் படையின் ஆய்வகத்தில் இருந்த ஆல்ஃபான்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர், விமானியை விட்டுவிட்டு அவர் உட்காரும் அறையைப் பார்த்தார். இறக்கை மடலை இயக்கும் விசையும் சக்கரத்தை இயக்கும் விசையும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. களைத்துப்போன கை மடலுக்குப் பதிலாகச் சக்கரத்தைத் தொட்டது. சக்கர விசையின் நுனியில் சின்னச் சக்கரம் போன்ற குமிழும், மடல் விசையில் ஆப்பு வடிவக் குமிழும் வைக்கச் சொன்னார். தொட்டாலே தெரியும். இன்று சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் பயணிகள் விமானத்திலும் சக்கர நெம்புகோலின் நுனி சக்கர வடிவில்தான் இருக்கிறது. கவனக்குறைவு என்று எழுதியதோடு எல்லாரும் திருப்தி அடைந்திருந்தால் அந்தக் குமிழ் பிறந்திருக்காது.

மூடி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அந்தப் போரே சாட்சி. 1942 ஆகஸ்ட் 25 அன்று பிரிட்டிஷ் மன்னரின் தம்பி கென்ட் கோமகன் பயணம் செய்த சண்டர்லேண்ட் விமானம் ஸ்காட்லாந்தின் மலைச்சரிவில் மோதியது. 15 பேரில் வால்பகுதியில் இருந்த ஒரே ஒரு வீரர் பிழைத்தார். பொறுப்பு தலைமை விமானியுடையது என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள். விமானத்தை ஓட்டியது கோமகனா, ரகசியப் பயணமா என்று வதந்திகள் இன்றும் ஓயவில்லை. 1943 ஜூலை 4 அன்று ஜிப்ரால்டரில் போலந்துப் பிரதமர் சிகோர்ஸ்கி விமானம் விழுந்து இறந்தார். சதி என்ற பேச்சு அடங்காமல், 65 ஆண்டுகள் கழித்து 2008-இல் அவர் உடலைத் தோண்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். காயங்கள் விபத்தில் ஏற்பட்டவையே என்று தெரிந்தது. குன்னூர் விபத்துக்குப் பிறகு நம் கைப்பேசிகளில் எத்தனை சதிக் கதைகள் சுற்றின என்று நினைத்துப் பாருங்கள். உண்மையை வெளியிடாத இடத்தில்தான் பொய் குடியேறுகிறது.

முழுமையான விசாரணை எப்படி இருக்கும் என்பதற்கு லிவர்மோர்க்காரர்களுக்கு நன்கு தெரிந்த விமானமே உதாரணம். ‘நைன்-ஓ-நைன்’ என்று பெயரிட்ட பழைய பி-17 ஒன்றை ஓர் அறக்கட்டளை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிவந்தது. எங்கள் ஊர் விமான நிலையத்துக்கும் அது வந்ததுண்டு. பணம் கட்டினால் ஏறிப் பறக்க முடிந்தது. 2019 அக்டோபர் 2 அன்று கனெக்டிகட் மாநிலத்தில் 10 பயணிகளோடும் 3 பணியாளர்களோடும் கிளம்பியது. நான்காம் எஞ்சின் தகராறு செய்ய, திரும்பி இறங்க முயன்று ஓடுபாதைக்கு முன்பாகவே மோதியது. 7 பேர் இறந்தார்கள்.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் இருக்கிறது. ஒரு பிட்டரின் கண்ணோடு படித்தேன். எஞ்சினில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னிட்டோ இரண்டு உண்டு. இரண்டும் சரியாக இல்லை. ஒன்றில் கழன்று வரும் இணைப்பை ஒற்றை லாக்கிங் வயரால், முறைக்கு மாறாகக் கட்டியிருந்தார்கள். அந்தக் கம்பியே உடல்பகுதியைத் தொட்டு மின்சாரத்தைத் தின்றது. லாக்கிங் வயரை முறுக்கிக் கட்டக் கற்பதுதான் எங்கள் தொழிலில் அரிச்சுவடி. விரல் நீளக் கம்பி ஒன்று நான்கு எஞ்சின் விமானத்தை எப்படித் தொல்லைக்குள்ளாக்கியது என்பதை அந்தப் பக்கங்களில் பார்த்தபோது என் கை நடுங்கியது.

அந்த அறிக்கையும் விமானியைத்தான் முதல் காரணமாகச் சொல்கிறது. எஞ்சினை நிறுத்திய பிறகு வேகத்தை அவர் சரிவரக் கையாளவில்லை. பி-17-இல் 7,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர் அவர். பராமரிப்புக்கும் அவரே பொறுப்பு. ஆனால் அந்த ஒரு ஆளோடு நிற்கவில்லை. பயணத்தின்போது நடந்த அரைகுறைப் பராமரிப்பு, அறக்கட்டளையின் பாதுகாப்பு ஏற்பாடு வேலை செய்யாதது, அதைக் கவனிக்க வேண்டிய அரசு அமைப்பின் மெத்தனம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. இறந்தவரைக் குற்றவாளிக் கூண்டில் தனியாக நிறுத்துவது எளிது. அவரால் பதில் சொல்ல முடியாது. உயிரோடிருப்பவர்களின் பங்கையும் எழுதுவதுதான் நேர்மை.

அது தனியார் விமானம், ராணுவ விஷயம் வேறு என்று சொல்வார்கள். நானும் சீருடை அணிந்தவன். ரகசியம் காப்பதன் அருமை தெரிந்தவன். எதிரிக்குப் பயன்படும் தகவலை வெளியிடச் சொல்லவில்லை. 2023 நவம்பரில் ஜப்பானின் யாகுஷிமா தீவருகே அமெரிக்க விமானப் படையின் ஆஸ்ப்ரே விமானம் விழுந்து 8 பேர் இறந்தார்கள். 2024 ஆகஸ்டில், ஓராண்டு முடியும் முன்பே விசாரணை அறிக்கையை வெளியிட்டார்கள். பற்சக்கரப் பெட்டி உடைந்ததையும் எச்சரிக்கை விளக்குகள் எரிந்தபின் விமானி எடுத்த முடிவுகளையும் அதில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். அந்த நாட்டின் பாதுகாப்பு அதனால் குலைந்துவிடவில்லை.

நம்மாலும் முடியும். முப்படை விமான விபத்து ஒவ்வொன்றுக்கும், ரகசியப் பகுதிகளை நீக்கிய விசாரணை அறிக்கையை இரண்டாண்டுக்குள் நாடாளுமன்றத்தில் வைக்கச் சட்டம் வேண்டும். அதற்கு முன் இறந்தவர்களின் குடும்பத்தாரை உட்கார வைத்து, நடந்ததை அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும். மனிதத் தவறு என்று முடிவு செய்தால், அந்தத் தவறு மீண்டும் நேராமலிருக்க நடைமுறையிலோ கருவியிலோ பயிற்சியிலோ என்ன மாற்றினோம் என்பதும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். மாற்றியது எதுவும் இல்லையென்றால் விசாரணை முடியவில்லை என்றே பொருள்.

தொடக்கம் குன்னூராக இருக்கட்டும். அன்று எரிகிற ஹெலிகாப்டரை நோக்கித் தண்ணீர்க் குடத்தோடும் கம்பளியோடும் ஓடிய நஞ்சப்பசத்திரம் மக்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. ஏன் விழுந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. அந்த 14 பேரின் குடும்பங்களுக்கு அதைவிட அதிகமாக இருக்கிறது. நாளை அதே மலைப்பாதையில் பறக்கப்போகும் இளம் விமானிக்கோ அது உயிர்ப் பிரச்சினை. தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பாராமல் இந்தக் கேள்வியை அடுத்த கூட்டத் தொடரிலேயே எழுப்ப வேண்டும்.