சப்பாத்தியும் சந்ததியும்

பெரம்பலூரும் அரியலூரும் கம்பு, சோளம், மக்காச்சோளம் விளையும் பூமி. ஆனால் பொழுது சாய்ந்தால் பல வீடுகளில் சப்பாத்தி, புரோட்டாதான்! கோதுமையில் உள்ள குளூட்டன் சத்து சிலருடைய குடலைக் கெடுத்துவிடும். இதுதான் 'சீலியாக்' நோய். தீராத பேதி, ரத்தசோகை, வளராத குழந்தை இவை அதன் அடையாளங்கள்.

2016-ல் வெளியான ஆய்வில், வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்கும் வேலூர்ப் பக்கம் சுமார் பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் இந்நோய் தென்பட்டது. மரபணு வாகு இரு பக்கமும் உண்டு. தட்டில் விழும் கோதுமையில்தான் வித்தியாசம். நாமும் கோதுமைக்குத் தாவினால்?

வீட்டில் ஒருவருக்கு வந்தால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளும் ரத்தப் பரிசோதனை செய்வது நல்லது. அதற்கு முன்பே கோதுமையை நிறுத்தினால் நோய் பிடிபடாமல் போகலாம். இந்தப் பரிசோதனை மாவட்ட ஆஸ்பத்திரிகளில் ஏழைக்கும் சுலபமாகக் கிடைக்க வேண்டும். சுகாதாரத் துறை கவனிக்குமா?