ஊழியருக்குச் சேமநிதி உண்டா?

'ஊழியர்' என்னும் சொல்லை இந்நாட்டுத் தமிழர்களாகிய நாம் இரண்டு பொருளில் வழங்கி வருகிறோம். சம்பளத்திற்கு வேலை செய்பவர் ஊழியர். அவருடைய முதுமைக்காகத்தான் 1951ஆம் ஆண்டில் ஊழியர் சேமநிதி தொடங்கப்பட்டது. தேவாலயத்தில் பிரசங்கம் செய்து, மருத்துவமனையில் நோயாளிக்காக மன்றாடி, இறந்தவரை அடக்கம் செய்து, சண்டையிட்டுப் பிரிந்த கணவன் மனைவியை நள்ளிரவில் போய்ச் சேர்த்து வைப்பவரும் ஊழியர்தாம். முழுநேர ஊழியர் என்று பெருமையோடு சொல்வோம். இந்த இரண்டாம் வகை ஊழியர்களுள் எத்தனை பேருக்கு அந்தச் சேமநிதியில் மாதந்தோறும் பணம் போகிறது என்று நம்முடைய சிறிய தமிழ்ச் சபைகளில் கேட்டுப் பாருங்கள். விடை சொல்லத் தயங்குவார்கள்.

புணர்ச்சி விதியும் கட்டுரைப் பயிற்சியும் எழுதிக் கொண்டிருப்பவன் திடீரென்று சபைக் கணக்கைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் இருக்கிறது. 'வாத்தியாருக்குக் கணக்குத் தெரியும்' என்று சொல்லி, சபைகளில் பொருளாளர் பொறுப்பையும் கணக்காய்வாளர் பொறுப்பையும் ஆசிரியர்கள் தலையில்தான் கட்டுகிறார்கள். என் தலையிலும் அப்படித்தான் கட்டினார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நம்மோடு அமர்ந்திருக்கும் அதே பெற்றோர்தாம் ஞாயிற்றுக்கிழமை சபைச் செயற்குழுவிலும் அமர்கிறார்கள். ஆகவே போதகரின் சம்பளத்தை முடிவு செய்பவர்கள் வேறு யாரோ அல்லர். இதைப் படித்துக் கொண்டிருக்கும் நாம்தான்.

பெரிய திருச்சபைகளைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அவற்றில் பெரும்பாலும் சம்பள விகிதம், ஓய்வு வயது, சேமநிதி எல்லாவற்றுக்கும் எழுதப்பட்ட விதி உண்டு. நான் பேசுவது முப்பது, நாற்பது குடும்பங்களோடு கடைவீட்டின் மேல்மாடியில் கூடும் சபைகளைப் பற்றி.

நான் அறிந்த ஒரு போதகர் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரே சபையில் ஊழியம் செய்தவர். தோட்டத்து லயத்தில் தொடங்கிய சபை அது. தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டு மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது, சிதறிய குடும்பங்களை மோட்டார் சைக்கிளில் தேடிப் போய்த் திரட்டி, கடைவீட்டு மாடியில் மறுபடியும் சபையைக் கூட்டியவர். வாடகைக்கு ஒரு வீட்டைச் சபையே எடுத்துக் கொடுத்திருந்தது. மின்சாரக் கட்டணமும் சபையுடையதே. கையில் கொடுத்த சம்பளம் குறைவு. 'வீடுதான் இருக்கிறதே' என்பது எல்லாருடைய சமாதானம். எழுபத்தொன்றாம் வயதில் பக்கவாதம் வந்தது. புதிய போதகர் வர வேண்டும். வந்தால் அவருக்கு வீடு வேண்டும். மூன்று மாத அவகாசம் கொடுத்தார்கள். பிரிவுபசார விருந்து நன்றாகவே நடந்தது. பொன்னாடை போர்த்தினார்கள், பெரிய சுவர்க்கடிகாரம் ஒன்றைப் பரிசளித்தார்கள். மாட்டுவதற்குச் சுவர்தான் அவரிடம் இல்லை. மகளின் இரண்டு அறை அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார்.

அந்தச் சபையார் கெட்டவர்கள் அல்லர். அவரை உண்மையாகவே நேசித்தவர்கள். சபை கொடுக்கும் வீடு சம்பளத்தின் ஒரு பகுதி என்றும், வேலை முடியும் நாளில் அந்தப் பகுதி முழுவதுமாக மறைந்துவிடும் என்றும் அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். மற்றவர்கள் முப்பது ஆண்டுகள் வீட்டுக் கடன் கட்டி, இறுதியில் ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரர்களாகிறார்கள். போதகர் அதே முப்பது ஆண்டுகளைச் சபை வீட்டில் கழித்துவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறார். போதகரின் ஓய்வுக்காலச் சிக்கலில் முக்கால் பங்கு இந்தச் சாவியில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

செயற்குழுக் கூட்டமொன்றில் நான் சேமநிதிப் பேச்சை எடுத்தபோது ஒரு மூப்பர் சொன்னார்: "ஆண்டவர் பார்த்துக்குவாரு சார். நாளையைப் பத்திக் கவலைப்படக் கூடாதுன்னு வேதமே சொல்லுதே." அவர் நல்ல மனிதர். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்று, மாதந்தோறும் ஓய்வூதியம் வாங்குபவர். நாளையைப் பற்றிக் கவலைப்படாதிருக்க அவருக்கு அது பெரிதும் உதவுகிறது.

வேதத்தைக் காட்டுகிறவர்களோடு வேதத்தை வைத்தே பேசலாம். எண்ணாகமத்தின் எட்டாம் அதிகாரத்தில் லேவியருக்குப் பணி ஓய்வு வயது ஐம்பது என்று விதிக்கப்பட்டிருக்கிறது. அதன்பின் அவர்கள் பாரமான வேலையைச் செய்வதில்லை. சகோதரருக்குத் துணையாக மட்டும் நிற்கலாம். அதே நூலின் முப்பத்தைந்தாம் அதிகாரத்தில், நிலப்பங்கு இல்லாத அந்த லேவியருக்காக 48 ஊர்களும், அவற்றைச் சூழ்ந்த மேய்ச்சல் நிலங்களும் ஒதுக்கப்படுகின்றன. ஊழியக்காரர் எங்கே குடியிருப்பார் என்ற கேள்வியை மோசே காலத்திலேயே கேட்டு, விடையும் எழுதி வைத்திருக்கிறார்கள். எகிப்தில் யோசேப்பு செழிப்பான ஏழு ஆண்டுகளிலும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தான். அது நூற்றுக்கு 20. நம் சேமநிதியில் 5,000 ரிங்கிட்டும் அதற்குக் குறைவாகவும் சம்பளம் பெறும் ஊழியர் 11 விழுக்காடும் முதலாளி 13 விழுக்காடும் செலுத்துகின்றனர். கூட்டினால் 24. யோசேப்பின் கணக்கிலிருந்து நாம் வெகுதூரம் போய்விடவில்லை.

முதுமைக்குச் சேர்ப்பது விசுவாசக் குறைவு என்போருக்கு, 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்திலிருந்து ஒரு செய்தியும் சொல்ல வேண்டும். அங்கே போதகர் இறந்தால் அவருடைய மனைவி மக்கள் தெருவில் நிற்கும் நிலை இருந்தது. இராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்னும் இரண்டு போதகர்கள், நாடெங்கும் உள்ள சபைகளில் ஆண்டுக்கு எத்தனை போதகர்கள் இறக்கிறார்கள், எத்தனை விதவைகளையும் பிள்ளைகளையும் விட்டுச் செல்கிறார்கள் என்று விவரம் திரட்டினார்கள். காலின் மெக்லாரின் என்னும் கணித அறிஞர் அவர்களின் கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்தார். 1744இல் போதகர் விதவையர் நிதி நடைமுறைக்கு வந்தது. இன்றைய ஆயுள் காப்புறுதியும் ஓய்வூதிய நிதியும் சார்ந்திருக்கும் கணக்கு முறைக்கு அது முன்னோடிகளுள் ஒன்று. பிரசங்க மேடையில் நின்றவர்களே கணக்கையும் போட்டிருக்கிறார்கள்.

இனி நம் கணக்குக்கு வருவோம். மாதச் சம்பளம் 2,000 ரிங்கிட் என்று வைத்துக் கொள்வோம். போதகரின் பங்கு 220, சபையின் பங்கு 260, ஆக 480 ரிங்கிட். ஓராண்டில் 5,760. சேமநிதி வாரியம் 2020 முதல் 2024 வரை அறிவித்த இலாப ஈவு 5.20 விழுக்காட்டுக்குக் குறையவில்லை. 2024இல் அது 6.30 விழுக்காடு. நாம் அடக்கமாக 5 விழுக்காடு என்றே கொள்வோம். முப்பது வயதில் தொடங்கி அறுபது வரை செலுத்தினால் ஏறத்தாழ 380,000 ரிங்கிட் சேர்ந்திருக்கும். நாற்பத்தைந்து வயதில் தொடங்கினால்? ஏறத்தாழ 124,000தான். ஆண்டுகள் பாதியாகக் குறைந்தால் தொகை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. வட்டிக்கு வட்டி என்னும் பாடத்தை மாணவர்களுக்கு நடத்தும் நமக்கு இது புதிதன்று. ஆயினும் செயற்குழுவில் உட்கார்ந்தவுடன் அந்தப் பாடம் மறந்து போகிறது. 'சபை கொஞ்சம் வளரட்டும், பிறகு பார்ப்போம்' என்று சொல்லியே பத்து, பதினைந்து ஆண்டுகளைக் கடத்திவிடுகிறோம்.

2019இல் வாரியம் 55 வயதில் இருக்க வேண்டிய அடிப்படைச் சேமிப்பாகக் குறித்த தொகை 240,000 ரிங்கிட். இருபது ஆண்டுகளுக்கு மாதம் 1,000 வீதம் வரும். இன்றைய மருந்து விலையில், சந்தை விலையில் ஒரு முதிய தம்பதியர் 1,000 ரிங்கிட்டில் வாழ்வது எப்படி என்பதைப் பெற்றோராகிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சில சபைகள் இன்னொன்று செய்கின்றன. தாளில் சம்பளத்தைக் குறைவாக எழுதி, மீதியைப் படிகளாகவும் 'அன்பின் காணிக்கை'யாகவும் உறையில் போட்டுக் கொடுக்கின்றன. சேமநிதிக் கணக்கீட்டில் பயணப்படி சேராது. ஆனால் வீட்டுப்படி சம்பளமாகவே கருதப்படும். ஆகவே வீட்டை வாடகைக்கு எடுத்துக் கொடுப்பதைவிட, அதே தொகையை வீட்டுப்படியாகப் போதகரின் கையில் கொடுப்பது நல்லது. அதற்கும் சேமநிதி சேரும். அவர் விரும்பினால் அதைக் கொண்டு சொந்த வீட்டுக் கடனையே அடைக்கலாம். 2024 மே 11 முதல், 55 வயதுக்கு உட்பட்டோரின் புதிய சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்கிற்கும், 15 விழுக்காடு செஜாத்ரா கணக்கிற்கும், 10 விழுக்காடு எந்நேரமும் எடுக்கக்கூடிய கணக்கிற்கும் போகிறது. வீடு வாங்குவதற்குச் செஜாத்ரா கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். மேலே சொன்ன 480 ரிங்கிட் சந்தாவில் பத்தாண்டுகளில் அந்தக் கணக்கில் மட்டும் பத்தாயிரத்துக்குச் சற்று மேல் இருக்கும். மலிவு விலை வீடு ஒன்றுக்கு முன்பணம் கட்ட அது உதவும். அந்த வீட்டில் இன்றே குடியேற வேண்டும் என்பதில்லை. வாடகைக்கு விட்டு வைக்கட்டும்.

போதகர்களிடமும் இரண்டு வார்த்தை பேச வேண்டும். சேமநிதிக்கு 11 விழுக்காடு பிடித்தால் கைக்கு வரும் தொகை குறையுமே என்று அவர்களே சில நேரம் வேண்டாம் என்கிறார்கள். கேட்பதற்குக் கூச்சம், கேட்டால் பணத்தாசை என்று பேசுவார்களோ என்ற அச்சம். இன்னொரு பக்கம், சபையார் வாங்கும் கடனுக்குப் பிணைக் கையெழுத்துப் போடுகிறார்கள். இதை மட்டும் தயவு செய்து செய்யாதீர்கள், ஐயா. இரக்கம் காட்ட வேறு வழிகள் உள்ளன. சபை சந்தா செலுத்தாத நிலையில், சொந்தமாக வருமானம் தேடுவோருக்காக உள்ள ஐ-சாரான் திட்டத்தில் சேரலாம். 60 வயதுக்கு உட்பட்ட மலேசியர்களுக்கு உரியது அது. 2025 முதல், செலுத்தும் தொகையில் 20 விழுக்காட்டை அரசாங்கம் ஊக்கத்தொகையாகச் சேர்க்கிறது. ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை, வாழ்நாளில் 5,000 ரிங்கிட் வரை. ஆண்டுக்கு 2,500 செலுத்தினால் முழுச் சலுகையும் கிடைத்துவிடும். வாரிசு நியமனத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மணமாவதற்கு முன் தாயாரின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, அப்படியே விட்டவர்கள் உண்டு. போதகரம்மாவைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கியம், விருந்தினருக்குச் சமையல் என்று அவர் உழைப்பதற்குச் சம்பளமும் இல்லை, சந்தாவும் இல்லை. ஒரு சம்பளத்தில் இரண்டு ஊழியர்களைச் சபை வைத்திருக்கிறது.

ஆசிரியப் பணியை விட்டு முழுநேர ஊழியத்திற்குப் போக விரும்பும் இளைய ஆசிரியர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. அழைப்பைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்வதில்லை. தேதியைப் பற்றி மட்டும் சொல்வேன். ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர் பணித்துறப்புக் கடிதம் கொடுத்துவிட்டால் ஓய்வூதியம் இல்லை. தகுதியான பணிக்காலத்தோடு 40 வயதை எட்டி, விருப்ப ஓய்வாகப் போனால் உரிமை நிற்கும். ஓய்வூதியம் பின்னர் உரிய வயதில் வரும். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது வயதில் இருப்பவர் ஓராண்டு, ஈராண்டு பொறுத்தால் ஆண்டவர் கோபித்துக் கொள்ளமாட்டார் என்றே நம்புகிறேன். கல்வி அலுவலகத்தில் தம்முடைய பணிப்பதிவை நேரில் பார்த்துக் கேட்டுத் தெளிந்த பிறகே கடிதம் எழுத வேண்டும்.

வீடும் சேமிப்பும் இல்லாத போதகர் ஓய்வு பெறவும் முடியாது என்பதைச் சபைகள் கவனிக்க வேண்டும். தனியார் துறையின் குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 சூலை முதல் 60. நம் சபைகளிலோ எழுபதைத் தாண்டியவர் மூச்சு வாங்கப் படியேறிப் பிரசங்கம் செய்கிறார். வைராக்கியம் என்று நாம் மெச்சுகிறோம். இறங்கினால் எங்கே போவது என்று தெரியாமல் நிற்பவரும் அவர்களில் இருக்கிறார். இறையியல் கல்லூரி முடித்து வந்த இளைஞர் இடமில்லாமல் காத்திருந்து, வேறு வேலைக்குப் போய்விடுகிறார். முதியவருக்குச் செய்யாத ஏற்பாட்டின் விலையை இளையவரும் சேர்ந்தே கொடுக்கிறார்.

'எங்களுடையது ஏழைச் சபை சார்' என்பது கடைசியாக வரும் விடை. உண்மையான விடைதான், அலட்சியப்படுத்த மாட்டேன். ஆனால் புதிய ஒலிபெருக்கிக்கும் குளிர்சாதனத்துக்கும் இரண்டே ஞாயிற்றில் பணம் திரட்டியதைப் பொருளாளராக நான் பார்த்திருக்கிறேன். இவ்வாண்டுக் கூட்டத்தின் வரவு செலவுத் திட்டத்தில் 'போதகர் சேமநிதி, சபைப் பங்கு' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். மாதம் 260 ரிங்கிட். எங்கள் சபையில் நாற்பது குடும்பங்கள். மூப்பர் எழுந்து, தொகை அதிகமாகத் தெரிகிறதே என்று கேட்பார். குடும்பத்துக்கு மாதம் 6 ரிங்கிட் 50 காசு என்று வகுத்து, அதற்கு நேரே எழுதி வைத்திருக்கிறேன்.