சத்தம் போடும் குளியல் தொட்டியும் அடித்தளக் கல்வியும்



குளியல் தொட்டியைப் பற்றித் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். இருக்கிறது. கோத்தா கோலா மூடா, சுங்கை பட்டாணி வட்டாரத்தில் வரிசை வீடுகளைப் புதுப்பிக்கும்போது பலர் குளியல் தொட்டி பொருத்துகின்றனர். வழவழப்பான வெண்ணிறத் தொட்டி, அதைச் சுற்றிப் பளபளக்கும் ஓடுகள். கண்ணுக்கு அழகுதான். ஆனால் சில மாதங்களில் காலை வைத்தாலே 'கிறீச்' என்கிறது. உடனே நாம் என்ன செய்கிறோம்? ஓரத்தில் சிலிக்கோன் பசையைப் பூசிவிட்டு வேலை முடிந்தது என்று நிம்மதி அடைகிறோம்.

என் கருத்து இதுதான்: குறை அடியில் இருக்க, மேலே பசை பூசுவது மருந்தாகாது. இந்தப் பழக்கம் குளியலறையோடு நிற்பதும் இல்லை.

தொட்டி ஏன் சத்தம் போடுகிறது?

பழைய காலத்துத் தொட்டிகள் வார்ப்பிரும்பால் ஆனவை. நான்கு கால்களில் நின்றாலும் அவை வளையமாட்டா. இன்று நாம் வாங்குபவற்றுள் பெரும்பாலானவை அக்ரிலிக் தொட்டிகள். அக்ரிலிக் தகட்டைச் சூடேற்றி, அச்சில் இழுத்து, பின்புறம் கண்ணாடி இழையும் பிசினும் பூசி இவற்றைச் செய்கிறார்கள். எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் மெல்லியவை, தாங்குதல் இல்லாத இடத்தில் வளைந்துகொடுக்கும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. 1 லிட்டர் நீரின் எடை ஏறக்குறைய 1 கிலோகிராம். தொட்டியில் 150 லிட்டர் நீர் நிரப்பினால் 150 கிலோ. அதில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் இறங்கினால் மொத்தம் 210 கிலோ. இவ்வளவையும் ஒரு மெல்லிய தகடு தாங்க வேண்டும். அடியில் வெற்றிடம் இருந்தால் தொட்டியின் தரை சில மில்லிமீட்டர் கீழே இறங்கும். ஆள் எழுந்ததும் மேலே வரும். அப்போது விளிம்பு சுவரோடு உரசுகிறது. கால்கள் தரையோடு உரசுகின்றன. நாம் கேட்பது அந்த உரசலின் ஒலி.

ஒலியோடு போனால் பரவாயில்லை. நாள்தோறும் இப்படி ஏறி இறங்கினால் தொட்டியின் தரையில் மயிரிழை வெடிப்பு தோன்றும். கழிவுநீர்க் குழாயின் இணைப்பு தளரும். மாடியில் உள்ள குளியலறை என்றால், கீழ்வீட்டுக் கூரைப்பலகையில் ஈரக்கறை படிந்த பிறகுதான் நமக்கே தெரியவரும். காலடியில் ஆடும் தொட்டியில் முதியவரோ குழந்தையோ கால் வைத்தால் வழுக்கி விழும் ஆபத்தும் உண்டு.

நீரின் எடையைப் பற்றி நம் வட்டார மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கோத்தா கோலா மூடாவைத் தாக்கியதைக் கண்டவர்கள் நாம். ஒரு கனமீட்டர் நீர் ஒரு டன் எடை கொண்டது என்பது நமக்கு வெறும் பாடநூல் செய்தி அன்று.

ஒரு கொத்தனாரின் பதில்

நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் முன்னைய உரிமையாளர் பொருத்திய தொட்டி ஒன்று இருந்தது. முதலில் வந்த குத்தகையாளர் பசை பூசிப் பணம் வாங்கிச் சென்றார். இரண்டே வாரத்தில் பசை பிரிந்தது. சத்தம் முன்னிலும் கூடியது. பிறகு தோட்டத்தில் பிறந்து வளர்ந்த முதிய கொத்தனார் ஒருவரை அழைத்தோம். அவர் தொட்டிக்குள் காலை வைத்து அழுத்திப் பார்த்தார். பக்கப்பலகையைக் கழற்றி, கைவிளக்கால் அடியில் நோக்கினார்.

"டீச்சர், கத்துறது மேல இல்ல, கீழ. வயிறு அந்தரத்துல தொங்குது பாருங்க," என்றார்.

தோட்டத்து லயங்களில் கையால் கட்டிய சிமெண்டுத் தொட்டிகள் பல ஆண்டுகள் சத்தமின்றி நின்றதற்கும் அவரே காரணம் சொன்னார். அவை முழுமையாகத் தரையில் அமர்ந்திருந்தன. அவ்வளவுதான் இரகசியம்!

சரிசெய்யும் முறை

அவரிடம் கற்றதையும் பின்னர் நான் படித்தறிந்ததையும் தொகுத்துத் தருகிறேன்.

1. முதலில் நோயை அறிய வேண்டும். வெந்நீர் ஓடும்போது மட்டும் 'டக் டக்' என்று கேட்டால், அது குழாய் சூட்டில் விரிவதாக இருக்கலாம். காலை வைக்கும்போது கேட்டால், அடியில் தாங்குதல் இல்லை. விளிம்பு சுவரைவிட்டு அசைந்தால், சுவரோரத் தாங்கல் இல்லை.

2. பக்கப்பலகையைத் திறந்து, கால்கள் எல்லாம் தரையைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். இரசமட்டம் வைத்துக் கால்களின் உயரத்தைச் சீராக்குங்கள்.

3. விளிம்பு தங்குவதற்குச் சுவரில் ஈரம் தாங்கும் மரச்சட்டத்தை உறுதியாகப் பொருத்த வேண்டும்.

4. அடியில் உள்ள வெற்றிடத்தை மணலும் சிமெண்டும் கலந்த சாந்தால் நிரப்பலாம். சாந்து இறுகும்வரை தொட்டியில் யாரும் இறங்கக்கூடாது. சில தொட்டிகளின் அடியில் பலகை பதித்தே விற்கிறார்கள். அவற்றுக்குத் தயாரிப்பாளரின் குறிப்பே வழிகாட்டி.

5. நுரைப்பசை பயன்படுத்தினால் மிகக் குறைவாக விரியும் வகையே ஏற்றது. நுரை விரியும்போது தொட்டியை மேலே தூக்கிவிடாதிருக்க, முன்கூட்டியே தொட்டியில் நீர் நிரப்பி வைக்க வேண்டும்.

6. சிலிக்கோன் பூசுவது கடைசி வேலை. அதையும் தொட்டியில் நீர் நிரப்பிய நிலையில் பூச வேண்டும். அப்போதுதான் இடைவெளி முழுமையாக விரிந்திருக்கும். பின்னர் பசை கிழியாது.

7. மாடியில் புதிதாகத் தொட்டி வைக்க எண்ணுவோர், அந்தத் தளம் சுமையைத் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்பது நலம்.

இதில் நமக்கு என்ன பாடம்?

மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அரும்பொருளகத்திற்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருப்பீர்கள். அங்கே 1960இல் மறுசீரமைக்கப்பட்ட புக்கிட் பத்து பகாட் கோயிலைக் கண்டிருப்பீர்கள். கூரை எங்கே? மரத்தூண்கள் எங்கே? எல்லாம் மழையிலும் வெயிலிலும் அழிந்தன. தூண்களைத் தாங்கிய கற்களும் அடித்தளமும் மட்டும் நிற்கின்றன. கடாரத்தைக் கட்டியவர்கள் கண்ணுக்குத் தெரியும் பகுதியில் காட்டிய அக்கறையைக் கண்ணுக்குத் தெரியாத பகுதியிலும் காட்டினார்கள். நாமோ ஓட்டின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க மூன்று கடை ஏறி இறங்குகிறோம். தொட்டியின் அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

கல்வியிலும் இதைத்தானே செய்கிறோம்? எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் மாணவனுக்கு மாதிரித் தேர்வுத்தாள்களை மேலும் மேலும் கொடுப்பதும் ஓரத்தில் பசை பூசுவது போன்றதே. அவன் தடுமாற்றம் ஒரு ஒலி. அடியில் எங்கோ வெற்றிடம் இருக்கிறது என்று அது நமக்குச் சொல்கிறது.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஒழுங்காகப் படிக்காவிட்டால் கொத்து வேலைக்குத்தான் போவாய்" என்று பிள்ளைகளை அச்சுறுத்தாதீர்கள். அந்தக் கொத்தனாரிடம் அளவை இருந்தது, எடைக் கணக்கு இருந்தது, பொருளின் இயல்பை அறிந்த அறிவு இருந்தது. இவை எல்லாம் கணிதமும் அறிவியலும் அல்லாமல் வேறு என்ன? மலேசியத் திறன் சான்றிதழ் பெற்று இத்தொழிலை முறையாகச் செய்வதற்கு இன்று வழி உண்டு. அந்த வழியைத் தோற்றவர்களின் ஒதுக்கிடமாக நாம்தான் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

நம் பள்ளிகளில் முன்பு 'கெமாஹிரான் ஹிடுப்' என்னும் வாழ்வியல் பாடம் இருந்தது. 2014 முதல் நான்காம் ஆண்டில் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்னும் பாடம் வந்தது. பாடத்தின் பெயர் எதுவானாலும், தேர்வு நெருங்கினால் அந்தப் பாடவேளையைக் கணிதத்திற்கோ மொழிக்கோ எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. ஆசிரியர்களே, அந்தப் பாடவேளையை விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு நெகிழித் தட்டை இரண்டு செங்கல்மீது வைத்து, நீர் ஊற்றி, அது வளைவதை மாணவர்கள் காணட்டும். பிறகு அடியில் மணல் பரப்பி மீண்டும் ஊற்றட்டும். கொள்ளளவும் எடையும் தாங்குதிறனும் ஒரே பாடவேளையில் மனத்தில் பதியும்.

வீட்டில் ஏதேனும் பழுது என்றால் பிள்ளைகளை "அங்கே போய் விளையாடு" என்று விரட்டாமல், பக்கத்தில் நிறுத்திக் கைவிளக்கைப் பிடிக்கச் சொல்லுங்கள். அடியில் குனிந்து பார்க்கும் பழக்கம் அங்கேதான் தொடங்கும். அப்படிப் பார்க்கப் பழகிய பிள்ளை, நாளை தன் வீட்டிலும் தொழிலிலும் பசை பூசி ஏமாற்றமாட்டான்; பிறர் பூசும் பசைக்கு ஏமாறவும் மாட்டான்.

சிந்திப்போம், செயல்படுவோம்.