ஒரே மலை, இருவேறு வாயில்

சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகள் ஏறினால் ஏர்க்காடு. அங்கே 1917 முதல் ஆங்கிலவழி உறைவிடப் பள்ளியொன்று நடக்கின்றது. அதே சேர்வராயன் மலைச் சிற்றூர்களில், பெயரால் மலையாளிகளாயினும் பேச்சால் தமிழரேயான பழங்குடி மக்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் தமிழில் பயில்கின்றனர். இருசாரார்க்கும் பன்னிரண்டாம் வகுப்பே பள்ளியிறுதித் தகுதி. அத்தகுதிக்கு இன்று என்ன மதிப்பு?

1978இல் புகுமுக வகுப்பு நீங்கி மேனிலைக் கல்வி வந்தது. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு புகுந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழித்தது. பொறியியலுக்கு இன்றும் மேனிலை மதிப்பெண்ணே அளவுகோல். மருத்துவத்திற்கோ 2017 முதல் 'நீட்'டே எல்லாம்! அறிவியற் பாடங்களில் பழங்குடியினர்க்கு நூற்றுக்கு நாற்பது இருந்தால் போதும். அதற்குமேல் எத்துணை பெற்றாலும் தரவரிசையில் இம்மியும் உயராது. வினாத்தாள் தமிழிலும் உண்டென்பர். உண்டு, பயிற்சியோ மலைக்குக் கீழே, காசுக்கு! விலக்குக் கோரிய 2021ஆம் ஆண்டுச் சட்ட முன்வரைவுக்குக் குடியரசுத் தலைவர் இசைவு தரவில்லை.

எஞ்சியுள்ள பிடி ஒன்று: 2020இல் இயற்றிய 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிற் பயின்றிருத்தல் வேண்டும். பழங்குடியினர் நலத்துறைப் பள்ளிகளும் அதில் அடங்கும். ஆங்கில மயக்கத்தால் இடையில் ஓராண்டு கட்டணம் கட்டித் தனியார் பள்ளிக்கு அனுப்பினும் அவ்வுரிமை போயிற்று. இதனை மலையூர்ப் பெற்றோர்க்கு எடுத்துரைப்பார் யார்? சேலத்துத் தோழர்களே, ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு முன்னரே மலையேறுங்கள்.