சோத்துப் பார்சலும் படுக்கைப் புண்ணும்

போன வருசம் எங்கட குழுவின் ஆண்டு நிறைவுக்கு நாங்களும் அதைத்தான் செய்தோம். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, ஒரு முதியோர் இல்லத்துக்கு மத்தியானச் சாப்பாடு கொடுத்தோம். சோறு, மூன்று கறி, பொரியல், பாயாசம். வரிசையில் இருந்த அம்மாமாருக்குக் குனிந்து பரிமாறினோம். படம் எடுத்தோம். முகநூலில் போட்டோம். "நல்ல பிள்ளையள்" எண்டு கனபேர் எழுதினார்கள். ரெண்டு மணிக்கு வெளிக்கிட்டு வீட்ட வந்து சேர்ந்தோம்.

அந்த இல்லத்தில் இரவில் எத்தனை பேர் கடமையில் நிற்பார்கள் எண்டு எங்களில் ஒருத்தரும் கேட்கவில்லை. உள்ளறையில் எழும்ப ஏலாமல் கிடந்தவர்களைப் போய்ப் பார்க்கவும் இல்லை. அவர்கள் படத்துக்குள் வரமாட்டார்கள்தானே.

இந்தக் கட்டுரையை எங்களைத் திட்டிக்கொண்டுதான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஏனெண்டால், அதுக்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் எங்களில் ஒருவரின் அம்மம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தா. இடுப்பெலும்பு உடைஞ்சது. ஆசுப்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். ஒபரேஷன் செய்தார்கள், ஒரு சதமும் கேட்கவில்லை. இந்த நாட்டின் இலவச வைத்தியத்தை நாங்கள் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் துண்டு வெட்டி வீட்ட அனுப்பும்போது கையில் தந்தது ஒரு கார்டும் ஒரு குளிசைப் பையும் மட்டுமே. கட்டிலில் கிடக்கிற ஒரு ஆளை எப்பிடிப் புரட்டுவது, எப்பிடிக் கழுவுவது, எப்பிடி இருத்திச் சாப்பாடு கொடுப்பது எண்டு ஒருத்தரும் காட்டித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. "வீட்டில பாக்கத் தெரியாதோ, என்ன!" எண்ட நினைப்பு.

மூன்றாம் கிழமை நாரிக்குக் கீழே ஒரு சிவப்பு. "உழைவாயிருக்கும்" எண்டு எண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள். நாலாம் கிழமை தோல் உரிந்தது. ஆறாம் கிழமை அந்தப் புண்ணுக்குள் ஒரு விரல் போகும். பிறகுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரு தாதி அக்கா வந்து பார்த்துவிட்டுச் சொன்னா: கிடையில் கிடக்கிற ஆளை ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காவது பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேணும். அழுத்தினாலும் வெளிறாமல் நிற்கிற சிவப்புத்தான் முதல் எச்சரிக்கை. அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. இழுத்து நகர்த்தக் கூடாது, தூக்கி நகர்த்த வேணும். குதிக்கால், இடுப்பின் பக்கம், தோள்பட்டை எல்லாத்தையும் ஒவ்வொரு நாளும் பார்க்க வேணும். சாய்ந்து கிடக்கிற ஆளுக்கு வாயில் கஞ்சி ஊத்தினால் அது சுவாசப்பைக்குப் போகும். அதனால் நிமிர்த்தி இருத்தித்தான் கொடுக்க வேணும், கொடுத்த உடனே படுக்க வைக்கவும் கூடாது.

அரை மணித்தியாலத்தில் சொல்லி முடிக்கிற விசயம். அந்த அரை மணித்தியாலம் கிடைக்காமல் போனதால் அம்மம்மா நாலு மாதம் வேதனைப்பட்டா.

இதைச் சொன்னால் உடனே வருகிற பதில் எங்களுக்குத் தெரியும். "பிள்ளையள் எல்லாம் வெளிநாட்டில. தாய் தேப்பனைக் கைவிட்டுட்டினம். அன்பு இல்லை." இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துவிட்டது. அம்மம்மாவைச் சுற்றி அன்புக்குப் பஞ்சமே இருக்கவில்லை. ரொரன்ரோவிலிருந்து மாமா ஒவ்வொரு இரவும் வீடியோவில் வந்து அழுதார். காத்து மெத்தைக்குக் காசு அனுப்பினார். அறைக்குள் கமரா பூட்டி அங்கிருந்தே பார்த்தார். கமராவில் எல்லாம் தெரிந்தது, முதுகுக்குக் கீழே இருந்த புண்ணைத் தவிர. எங்களுக்கு இல்லாமல் போனது அன்பில்லை. தொழில் தெரிந்த கைதான் இல்லாமல் போனது.

பராமரிப்பு ஒரு தொழில். அதுக்குப் பயிற்சி வேணும், கூலி வேணும், ஓய்வு வேணும். இதை ஒத்துக்கொள்ளாத வரைக்கும் "பாசம்", "பண்பாடு", "புண்ணியம்" எண்டு நாங்கள் எவ்வளவு கதைத்தாலும் ஒரு கிழவியின் நாரியிலும் தோல் மிஞ்சாது.

"எங்கட பண்பாட்டில் முதியோரை வீட்டில வைச்சுத்தான் பார்த்தவை" எண்டு சொல்கிறவர்களிடம் ஒரு கேள்வி. யார் பார்த்தது? அப்பப்பாவின் மலசலத்தை அப்பாவா அள்ளினார்? மருமகள் அள்ளினா. கலியாணம் கட்டாமல் வீட்டோடு நின்ற கடைசி மகள் அள்ளினா. வசதியான வீட்டில், சாதியைச் சொல்லி வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவரைக் கூப்பிட்டு அள்ளுவித்தார்கள். அந்தப் பெண்களின் வாழ்க்கையைத் தின்றுதான் அந்தப் "பண்பாடு" நிமிர்ந்து நின்றது. இப்ப மருமகள் லண்டனில், மகள் பாரிசில். போர் ஒரு தலைமுறையையே வெளியே தள்ளியது. நின்றவர்களும் படிக்கவும் வேலைக்கும் போகிறார்கள், போகத்தான் வேணும். அவர்களைத் திரும்பக் கட்டில் காலில் கட்டுவதற்குத்தான் பண்பாடு எண்டால், அது எங்களுக்கு வேண்டாம்.

சரி, இப்ப யார் பார்க்கிறார்கள்? "ஒரு பிள்ளை பிடிச்சு விட்டிருக்கிறம்" எண்டு சொல்வோமே, அந்தப் பிள்ளை. பிள்ளை எண்டு சொன்னாலும் அவவுக்கு நாற்பது, ஐம்பது வயசு. வன்னியிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்தவ. கனபேர் கணவனை இழந்தவர்கள், தங்கட பிள்ளைகளைத் தங்கட தாயிடம் விட்டிட்டு எங்கட தாயைப் பார்க்க வந்தவர்கள். அம்மம்மாவைப் பார்த்த அக்காவுக்கு மாதம் 40,000 ரூபா. எங்கட பக்கத்தில் அது நல்ல சம்பளம் எண்டுதான் சொன்னார்கள். நாங்கள் இருந்து கணக்குப் பார்த்தோம். அம்மம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கிறவவுக்கு இரவும் வேலைதான். ஒரு நாளைக்கு 24 மணித்தியாலம், 30 நாள், மொத்தம் 720 மணித்தியாலம். மணிக்கு 56 ரூபாகூட வரவில்லை. கடையில் ஒரு பால் தேத்தண்ணிக்கும் அது காணாது.

ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் புரட்ட வேணும் எண்டு சொன்னோமே, இரவில் அதை யார் செய்வது? பகல் முழுக்க நின்ற அதே அக்காவா? ஒரு ஆளால் அது முடியாது. தாதி அக்கா புண்ணைப் பார்த்த நாளில் வீட்டில் எல்லாரும் அந்த அக்காவைத்தான் ஏசினார்கள். "காசு வாங்கிறாள், பார்க்கிறாள் இல்லை." அவ ஒண்டும் சொல்லாமல் குசினிக்குள் போய்விட்டா. எங்களில் ஒருவருக்கு அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. பழிக்கு அவ ஒரு ஆள்தான் கிடைத்தா. பயிற்சி கொடுக்காமல், நித்திரை கொள்ள விடாமல் வேலை வாங்கியது நாங்கள்.

வீட்டு வேலை செய்கிறவர்களுக்கும் கிழமைக்கு ஒருக்காத் தொடர்ந்து 24 மணித்தியால ஓய்வு வேணும் எண்டு சர்வதேச தொழில் அமைப்பின் 189 ஆம் இலக்க சமவாயம் 2011 இல் சொன்னது. எங்கட வீடுகளில் அதைச் சொல்லிப் பாருங்கோ. "அப்ப அண்டைக்கு ஆர் பார்க்கிறது?" எண்டு கேட்பார்கள். அந்த ஒரு நாள் பார்க்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

இதில் ஒரு பெரிய பகிடி இருக்கிறது. 2022 பெப்ரவரியில் பிரித்தானியா பராமரிப்பு வேலைக்கும் வீசா கொடுக்கத் தொடங்கிய பிறகு, எங்கட ஊர்ப் பெடியள் எத்தனை பேர் காணி ஈடு வைத்து, ஏஜென்சிக்கு லட்சக்கணக்கில் கட்டிப் போனார்கள். 2025 யூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை அங்கே நிறுத்தும் வரைக்கும் "கெயார் வீசா" எண்டதுதான் ஊர்க்கதை. இங்கே அப்பம்மாவுக்குப் பம்பேர்ஸ் மாற்ற அறைக்குள்ளேயே போகாதவன், அங்கே வெள்ளைக்காரக் கிழவருக்கு மாற்றுகிறான். அவனை நாங்கள் நக்கலடிக்கவில்லை. அங்கே ஏமாற்றப்பட்டவர்களும், குறைந்த கூலிக்கு முறிகிறவர்களும் கனபேர் எண்டதும் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கோ: அங்கே ஆளைத் தூக்கி நகர்த்துவதுக்கே தனிப் பயிற்சி கொடுத்துத்தான் வேலைக்கு விடுகிறார்கள். கடமை நேரம் எண்டு ஒண்டு இருக்கிறது. சம்பளத் துண்டு வருகிறது. அதே வேலை அங்கே வேலை, இங்கே "பொம்பிளையள் பார்க்கிற விசயம்". ஊரில் இருக்கிற தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பராமரிப்பாளர் பயிற்சி இருக்கிறது, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு. அதைப் படிக்கிறவர்களில் கனபேர் இஸ்ரேலுக்கோ வேறெங்கோ போகத்தான் படிக்கிறார்கள். குறை அவர்களிடமில்லை. அந்தச் சான்றிதழுக்கு இங்கே ஒரு மரியாதையும் இல்லை, அதுக்கேற்ற சம்பளமும் இல்லை.

அரசைப் பற்றியும் கதைக்க வேணும். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பிள்ளைகள் பெற்றோரை வேணுமெண்டு கைவிடக் கூடாது எண்டு அது சொல்கிறது. தங்களைத் தாங்களே பார்க்க ஏலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் காசு கேட்டு முறையிடவும் வழி வைத்திருக்கிறது. நல்லது. ஆனால் அந்த வழி காசோடு முடிந்துவிடுகிறது. காசு அனுப்புகிற மகனைச் சட்டம் குற்றம் சொல்லாது, காசு கட்டிலில் ஆளைப் புரட்டவும் செய்யாது.

இதே அரசுக்கு வேறொரு விசயம் மிக நன்றாகத் தெரியும். 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அந்த வழியில் வளர்ந்ததுதான் இண்டைக்கு ஒவ்வொரு ஊரிலும் இருக்கிற குடும்பநல மாதின் வேலை. ஒரு பெண் கர்ப்பமாக இருக்கிறா எண்டு தெரிந்தால் குடும்பநல மாது ஸ்கூட்டியில் வந்து படலையில் கூப்பிடுவா. நிறை பார்ப்பா, கொப்பியில் பதிவா. பிள்ளை பிறந்த பிறகும் வந்து பால் கொடுக்கச் சொல்லித் தருவா, தொப்புளைப் பார்ப்பா. வீட்டில் எத்தனை கிழவிகள் இருந்தாலும் "எங்களுக்குத் தெரியும், நீங்கள் வர வேண்டாம்" எண்டு ஒருத்தரும் சொல்வதில்லை. பிரசவத்தில் தாய்மார் சாவது இந்த நாட்டில் இவ்வளவு குறைந்ததுக்கு அந்த ஸ்கூட்டியும் ஒரு காரணம்.

நாங்கள் பிறந்தபோது வீடு தேடி வந்த அரசு, நாங்கள் கிடையில் விழும்போது ஏன் வருவதில்லை? 2012 குடிசன மதிப்பீட்டிலேயே 60 வயசுக்கு மேற்பட்டவர்கள் சனத்தொகையில் 12.4 வீதம், எட்டுப் பேரில் ஒருவர். அதுக்குப் பிறகு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. அங்கங்கே தொடங்கிய முயற்சிகள் இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஆள், ஒவ்வொரு படலைக்கும் ஒரு வரவு எண்ட அளவுக்கு அது வரவில்லை. "காசில்லை" எண்டு சொல்வார்கள். குடும்பநல மாதை ஊர் ஊராக அனுப்பத் தொடங்கிய காலத்தில் இந்த நாடு பணக்கார நாடாக இருக்கவில்லை. அதோட, ஒரு படுக்கைப் புண் முற்றித் திரும்ப வோட்டில் கிழமைக்கணக்காகக் கிடந்தால் அதுவும் அரசின் செலவுதான்.

ஆகவே எங்கட கோரிக்கை சின்னது, ஆனால் உறுதியானது. கிடையில் இருக்கிற ஒரு ஆளை வீட்ட அனுப்ப முன்னம், பார்க்கப் போகிறவரைக் கூப்பிட்டு அரை மணித்தியாலம் செய்து காட்ட வேணும், அதைக் கார்டில் பதிய வேணும். குடும்பநல மாது வருவது போல முதியோரை வீட்டில் வந்து பார்க்கவும் பயிற்சி பெற்ற ஒருவர் ஒவ்வொரு ஊருக்கும் வேணும். வீட்டில் பராமரிக்கிறவருக்கு எழுத்தில் சம்பளமும், கிழமைக்கு ஒரு முழு நாள் ஓய்வும், இரவுக்கு மாற்று ஆளும் வேணும். வெளிநாட்டில் இருக்கிற அண்ணாமாரே, கமராவுக்குக் கட்டுகிற காசை அந்த இரவு ஆளுக்குக் கட்டுங்கோ.

எங்களுக்கும் வேலை இருக்கிறது. சாப்பாடு கொடுப்பது பாவமில்லை. ஆனால் பிறந்தநாளும் திவசமும் சேர்ந்து சில நாளில் ஒரே இல்லத்துக்கு ரெண்டு மத்தியானச் சாப்பாடு வருகிறது. இரவில் தண்ணி கொடுக்க மட்டும் ஆளில்லை. மூத்திரத்துக்கு எழுப்பக் கூச்சப்பட்டுத் தண்ணி குடிக்காமலே கிடக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை இல்லத்துக்குப் போனால் முதலில் இதைக் கேளுங்கோ: "இரவில எத்தினை பேர் நிக்கினம்?" பதிலைக் கேட்ட பிறகு என்ன கொடுப்பது எண்டு யோசிப்போம்.

அம்மம்மா மாசியில் செத்துப்போனா. புண் கடைசிவரைக்கும் ஆறவில்லை. செத்த வீட்டில் சாப்பாடு நல்லம் எண்டு வந்தவர்கள் சொன்னார்கள்.

இந்த வருசம் எங்கட ஆண்டு நிறைவுக்குச் சோத்துப் பார்சல் இல்லை. அந்தத் தாதி அக்காவைக் கூப்பிட்டிருக்கிறோம். ஒரு கட்டில், ஒரு மெத்தை, ஒரு போர்வை. ஆளைப் புரட்டவும், இருத்தவும், கழுவவும் சொல்லித் தருவா. கட்டிலில் கிடக்கிற ஆளாக எங்களில் ஒருவர் நடிப்போம். கட்டாயம் கைபோட்டுப் பழக வேண்டியவர்கள் ஆம்பிளைப் பிள்ளைகள். பெட்டையள் நிண்டு பார்த்தால் காணும், அவையள் ஏற்கெனவே கனக்கச் செய்திட்டினம். வாங்கோ, படம் எடுக்க மாட்டோம்.