பொறி சொன்னால் மெய்யாகிவிடுமா?

2022ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், செயற்கை நுண்ணறிவுப் பொறியின் கூற்றையே முடிந்த முடிபாகக் கொள்ளும் மயக்கம் தமிழிளைஞரிடையே பரவி வருகின்றது. ஒரு சொல்லையடுத்து எச்சொல் வரக்கூடும் என்று கணித்துக் கோக்கும் கருவியே அது. மெய்யும் பொய்யும் அதனிடமிருந்து ஒரே மிடுக்கான நடையில்தான் வரும்.

அதனை உரைத்துப் பார்க்கக் கொல்லிமலை ஒன்றே போதும். அம்மலையை ஆண்ட வள்ளல் வல்வில் ஓரியை முள்ளூர் மன்னன் காரி கொன்று, மலையைச் சேரர்க்கு ஈந்தான் என்பது அகநானூற்றின் 209ஆம் பாட்டு தரும் செய்தி. "ஓரி காரியைக் கொன்றது ஏன்?" என்று வேண்டுமென்றே தலைகீழாக வினவுக. பிழையைச் சுட்டித் திருத்துமாயின் நன்று. ஆயினும், அதுகொண்டே பிறவெல்லாம் மெய்யென்று துணியற்க. கொல்லாத கொலைக்குக் கரணியம் புனைந்துரைக்குமாயின், அதன் மற்றை விடைகளையும் ஐயுறுக. எவ்விடைக்கும் நூற்பெயரும் பாட்டெண்ணும் கேட்டு, அந்நூலையே திறந்து ஒப்புநோக்குக.

ஆங்கிலத்தை மலைமலையாய் உண்டு வளர்ந்த பொறிக்குத் தமிழுணவு சிறிதே கிடைத்துள்ளது. பிழையற்ற தமிழ்நூல்களைக் கணினியில் ஏற்றுதல் தமிழர் கடன். மெய்காணும் கடனையோ எப்பொறியிடமும் ஒப்படைத்தல் ஆகாது. தன் நூலைத் தானே திறவாத இனம், தன் வரலாற்றைப் பிறர் பொறி சொல்லக் கேட்டு நிற்கும்!