விசாரிக்கச் சொன்னார், நாம் பார்த்துவிட்டு வந்தோம்



யாக்கோபு தமது நிருபத்தின் முதல் அதிகாரத்தை முடிக்கும் இடத்திலும், ஏசாயா முதல் அதிகாரம் 17ஆம் வசனத்திலும், திக்கற்ற பிள்ளைகளைக் குறித்து நம் தமிழ் வேதாகமம் ஒரே வினைச்சொல்லைக் கையாளுகிறது: விசாரித்தல். அதை நாம் நலம் விசாரிப்பதாகச் சுருக்கிக்கொண்டோம். டிசம்பர் மாதத்தில் வேன் பிடித்து விடுதிக்குப் போகிறோம். கேக்கும் போர்வையும் கொடுக்கிறோம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கிறோம். இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், பிறகு வீடு. ஏசாயாவோ நியாயத்தையும் வழக்கையும் விசாரிக்கச் சொல்கிறார். அது நீதிமன்றத்துச் சொல். யார், ஏன், எவ்வளவு என்று கேட்கிற சொல்.

நாம் வாழும் மண் அப்படிக் கேட்கவேண்டிய மண். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். பின்பு 2024 மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை முதல் நாள் சின்னக்காமன்பட்டி. கணவனும் மனைவியும் ஒரே ஆலைக்கு ஒன்றாகப் போகும் ஊர்கள் இவை. ஒரே வெடிப்பில் ஒரு வீட்டின் இரு தூண்களும் சாய்ந்துவிடும். உள்குத்தகை, அனுமதித்ததற்கு மேல் ஓர் அறையில் ஆட்கள், அவசரத்தில் கலக்கப்படும் மருந்து: காரணங்களைத் தேநீர்க்கடையில் தடையின்றிப் பேசுகிறோம். ஆலயத்துக்குள் நுழைந்ததும் வாய் மூடிக்கொள்கிறது.

என் வாயையும் சேர்த்தே சொல்லுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அடக்க ஆராதனையை நடத்தினேன். திண்ணையில் பெரியவர்கள் தொகை பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு தாளில் கையெழுத்தாயிற்று. உள்ளே தூணில் சாய்ந்து ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பணத்தில் அவள் பங்கு எவ்வளவு, அது யார் பொறுப்பில் இருக்கும், ஜூன் மாதம் அவள் எந்தப் பள்ளிக்குப் போவாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆறுதலின் வசனம் வாசித்தேன், ஜெபித்தேன், அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தேன். இரண்டு ஆண்டுகளில் அவள் பள்ளியை விட்டுக் காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தாள். என் ஜெபம் பொய்யல்ல. ஆனால் அன்று என்னிடம் தேவன் எதிர்பார்த்தது ஒரு கேள்வி. அதை நான் கேட்காமல் விட்டேன்.

சிவகாசிப் பிள்ளைகளின் உழைப்பைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் எம்.சி. மேத்தா, தில்லி வழக்கறிஞர். சிவகாசிப் பிள்ளைக்காகத் தில்லியிலிருந்து ஒருவர் பேசினார். அதே காலத்தில் நம் வாலிபர்கள் வசனப் போட்டியிலும் பாடல் போட்டியிலும் கோப்பை வாங்கிக்கொண்டிருந்தார்கள். இன்றும் வாங்குகிறார்கள். மேடையில் நடுங்காமல் பேசும் அவர்களுக்கு வட்டாட்சியர் அலுவலகத்து மேசைக்கு முன் நா எழுவதில்லை. பழுது அவர்களிடத்தில் இல்லை. நாம் அவர்களைப் பழக்கியது அவ்வளவுதான்.

கேட்டால் கிடைக்கிறவை உண்டு. பட்டாசு ஆலை விபத்தில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வரையிலான செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் வளர்க்க இயலாத பிள்ளைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய் வழங்கும் அன்புக்கரங்கள் திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கியது. இறந்த தொழிலாளிக்கான இழப்பீட்டை உரிய அதிகாரியிடம் செலுத்தவேண்டும், வீட்டுத் திண்ணையில் கொடுத்துக் கணக்கை முடிக்கலாகாது என்பதை 1923ஆம் ஆண்டுச் சட்டமே வகுத்துவிட்டது. சிறுவரின் பங்கை அவர் நலனுக்காக முதலீடு செய்து காக்கவும் அது வழிவகுத்திருந்தது. ஆனால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் பெற அலைந்து களைத்த ஒரு பாட்டிக்கு இவற்றையெல்லாம் யார் சொல்லுவார்? படிவத்தை யார் நிரப்புவார்?

"பிள்ளையை ஏதாவது விடுதியில் சேர்த்துவிடலாம், ஐயா" என்பது நமக்கு எளிதாக வரும் பதில். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் விடுதியைக் கடைசி வழியாகவே வைக்கிறது. பாட்டியோ அத்தையோ வளர்க்க முடியுமானால், அந்த வீட்டைத் தாங்குவதே முதற்கடமை. ஆதரவின்றித் தனித்து நிற்கும் பிள்ளையைக் கண்டவர் 24 மணி நேரத்துக்குள் 1098க்கோ, காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிக்கவேண்டும். அப்படிப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதும் சட்டப்படி குற்றம். நம் கிறிஸ்துமஸ் படங்களை இந்த வெளிச்சத்தில் மறுபடியும் பாருங்கள்.

"இது அரசியல், போதகருக்கு ஏன்?" என்பீர்கள். எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தகப்பனை இழந்த ஐந்து பெண்கள், செலொப்பியாத்தின் குமாரத்திகள், மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபையனைத்திற்கும் முன்பாக ஆசரிப்புக் கூடார வாசலில் நின்று தங்கள் பங்கைக் கேட்டார்கள். "உங்களுக்காக ஜெபிக்கிறோம், போங்கள்" என்று மோசே அனுப்பிவிடவில்லை. அவர்கள் நியாயத்தைக் கர்த்தருடைய சந்நிதிக்குக் கொண்டுபோனான். அவர்கள் கேட்டது சரியென்றார் கர்த்தர்; இஸ்ரவேலின் சட்டமே அதனால் விரிந்தது. அந்த வாசல் ஆலய வாசல்தான்.

"நம் பிழைப்பு இந்தத் தொழிலில்தானே?" என்பீர்கள். அறிவேன். உரிமையாளரும் போர்மேனும் ஏஜெண்டும் மருந்து கலப்பவரும் ஒரே பந்தியில் அப்பமும் ரசமும் பெறும் சபை இது. என் சம்பளத்திலும் பட்டாசுக் காசு இருக்கிறது. ஆலையை மூடச் சொல்ல நான் வரவில்லை. அந்தப் பந்தியில் ஒரு இடம் காலியானால், அவர் பிள்ளையின் பங்கைக் கேட்க நமக்குத் தைரியம் வேண்டும் என்கிறேன். கேட்டால் மனவருத்தம் வரும் என்பதற்காகப் பேசாதிருந்தால், நாம் யாருடைய மனதைக் காக்கிறோம்?

"நன்மை தானாக வரும்" என்று ஏசாயா சொல்லவில்லை. அதைப் படிக்கச் சொன்னார். ஆகவே வருகிற ஞாயிறு முதல் நான்கு வாரங்கள், ஆராதனைக்குப் பின் ஒரு மணி நேரம் வாலிபர்களை என்னிடம் அனுப்புங்கள். முதல் வாரம், துயரத்திலிருக்கும் பிள்ளை பேசும்வரை காத்திருந்து கேட்கவும், அது விரும்பாததைப் பேசாதிருக்கவும் கற்பார்கள். இரண்டாம் வாரம் சான்றிதழ்களும் படிவங்களும். மூன்றாம் வாரம் மனு எழுதுதல். எழுதியதைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குதல். நான்காம் வாரம், கிராம சபையில் எழுந்து ஊர்க் குழந்தைகள் பாதுகாப்புக் குழு எப்போது கூடியது என்று மரியாதையோடு கேட்டல். அக்குழுவில் பிள்ளைகளின் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு. திக்கற்ற பிள்ளையே அங்கு அமர்ந்து பேசும் நாள் வரவேண்டும்.

பெற்றோரே, உங்கள் மகன் ஓர் அலுவலகத்தில் கேள்வி கேட்டான் என்று கேள்விப்பட்டால் அவனைக் கடிந்துகொள்ளாதிருங்கள். தான் சிறுபிள்ளை என்று தயங்கிய எரேமியாவுக்குக் கர்த்தர் அந்தச் சாக்கை அனுமதிக்கவில்லை.

இந்த டிசம்பரில் வேன் போகட்டும், கேக்கும் போகட்டும். கூடவே ஒரு நோட்டும் பேனாவும் போகட்டும்.

திக்கற்றோரின் தகப்பனாகிய தேவன் நம் வாயைத் திறப்பாராக. ஆமென்.